மனை யார் பேர்ல?

குழு: கோவில்பட்டி வீடு
ஞாயிறு

பெரிய மாமா, காலை 6:48
தம்பி, நேத்து கல்யாண வீட்ல ஒருத்தர் சொன்னாரு, தாய்லாந்துல வெளிநாட்டுக்காரன் பேருக்கு ஒரு சென்ட் நிலம்கூட எழுத மாட்டாங்களாமே. நீ அங்க வீடு கட்டிருக்க. மனை யார் பேர்ல இருக்கு? ராத்திரி பூரா எனக்குத் தூக்கம் இல்ல.

சித்தி, 6:55
பெரியண்ணே, இத காலங்காத்தால குரூப்லயா கேப்பீங்க? தனியா போன் போட்டுக் கேளுங்க.

பெரிய மாமா, 6:57
இதுல மறைக்க என்ன இருக்கு? இருபது வருஷம் மோட்டார் கம்பெனியில கிரீஸும் கையுமா நின்னு சேத்த காசு.

பெரிய மாமா, 6:59
இந்த மெசேஜ் நீக்கப்பட்டது

அம்மா, 7:20
ரெண்டு மூணு நாளா அவன் போனே பாக்கல. தம்பி, உடம்பு நல்லாருக்கா? ஒரு வார்த்தை போடுய்யா.

தாய்லாந்து மாமா, 9:04
அக்கா, நான் நல்லாருக்கேன். பக்கத்து வீட்டுப் பாட்டி தவறிட்டாங்க. மூணு நாளும் அந்த வீட்லதான் இருந்தேன். நேத்து மத்தியானம் கோயில் தகன மேடையில எல்லாம் முடிஞ்சுது.

அம்மா, 9:05
அய்யோ. ஓலைக் கூடையில சோறு கொண்டு வந்து குடுப்பாங்கன்னு சொல்லுவியே, அவுங்களா?

தாய்லாந்து மாமா, 9:07
அவுங்கதான்க்கா. நான் வந்த புதுசுல வீட்ல அவ இல்லாத நாள்ல, நான் பட்டினி கெடக்கேனோன்னு காலையில ஒட்டரிசிச் சோறு கொண்டாந்து வச்சிட்டுப் போவாங்க. ராத்திரி ஊறப் போட்டு விடியக்காலம் மூங்கில் கூடையில அவிச்சது. முதல்ல பிக்குமாருக்குப் போடுவாங்க, அடுத்து எனக்கு.

நான், 9:10
மாமா, ரொம்ப வருத்தமா இருக்கு. அத்தை எப்படி இருக்காங்க?

தாய்லாந்து மாமா, 9:12
அழுது ஓஞ்சு தூங்குறா. மூணு நாளும் பொம்பளைங்க எல்லாம் அங்கதான் சமையல். ஆம்பளைங்க பந்தல், நாற்காலி. ஒயரிங், லைட், மைக்கெல்லாம் நான் பாத்துக்கிட்டேன். ராத்திரி பிக்குமார் ஓதி முடிச்ச பெறகும் யாரும் வீட்டுக்குப் போறதில்ல, அந்த வீட்டுக்காரங்கள தனியா விடக்கூடாதுன்னு விடிய விடிய உக்காந்திருப்பாங்க.

சித்தி, 9:20
மூணு நாளும் ஊருக்கே சாப்பாடா? நெல்லு போட்டுச் சம்பாதிக்கிற வீட்ல அவ்வளவு செலவு எப்படிண்ணே தாங்கும்?

தாய்லாந்து மாமா, 9:31
நானும் வந்த புதுசுல இதையேதான் நெனச்சேன் தங்கச்சி. ஒரு நோட்டுல கணக்குகூட எழுதிப் பாத்தேன். அந்தக் கணக்கு தப்பு. இங்க ஊருக்கு ஊர் ஈமச் சங்கம் உண்டு, சாப்பனகிட்ன்னு சொல்லுவாங்க. யார் இறந்தாலும் சங்கத்துல உள்ள ஒவ்வொரு வீடும் வச்ச தொகையைக் கட்டியாகணும். மொத்தமா அந்த வீட்டுக்குப் போயிரும். அது போக வர்றவங்க எல்லாம் கவர்ல காசு வைப்பாங்க, ஒருத்தர் உக்காந்து பேரு எழுதுவாரு. நம்ம மொய் நோட்டேதான். நேத்து பாட்டி மகன் கடன் வாங்காமலே காரியத்தை முடிச்சிட்டான். எந்த இன்சூரன்ஸ்காரன் மூணு நாளைக்குள்ள காசு குடுப்பான், சொல்லு.

பெரிய மாமா, 9:33
அதெல்லாம் சரிப்பா. மனை?

தாய்லாந்து மாமா, 9:52
அண்ணே, நீங்க கேட்டது நியாயம். முழுசா சொல்றேன், நிதானமா படிங்க.

அவரு சொன்னது நிஜம், என் பேர்ல நிலம் வாங்க முடியாது. மனை என் மாமியார் அவளுக்கு எழுதிக் குடுத்தது. நான் போட்ட காசு கட்டடத்துக்கு மட்டும். கட்டடம் வெளிநாட்டுக்காரனுக்குச் சொந்தமா இருக்கலாம். கட்டட அனுமதி என் பேர்ல, சிமென்ட் பில்லு, கம்பி பில்லு எல்லாம் ஃபைல்ல இருக்கு.

நம்ம அப்பா செட்டில்மென்ட் எழுதும்போது அம்மாவுக்கு ஆயுள்கால அனுபவ பாத்தியம்னு ஒரு வரி போட்டாரே, ஞாபகம் இருக்கா? அதே மாதிரி இங்கயும் ஒண்ணு உண்டு. 'சித்தி கெப் கின்'னு பேரு.

சித்தி, 9:53
என்னது, சித்தியா?

தாய்லாந்து மாமா, 9:58
இங்க சித்தின்னா உரிமை. கெப் கின்னா பறிச்சுச் சாப்பிடுறது. நான் உயிரோட இருக்குற வரைக்கும் அந்த மனையில குடியிருக்கலாம், வெளையுறதை அனுபவிக்கலாம். அவ எனக்கு முன்னாடி போயிட்டாலும், மனை வேற யார் கைக்குப் போனாலும், என்னைக் கெளப்ப முடியாது. நில ஆபீஸ்ல சனோட்டோட பின்பக்கம் பதிஞ்சிருக்கு. சனோட்டுன்னா நம்ம பட்டா மாதிரி, அரசாங்க கருட முத்திரை போட்டது.

ஒண்ணு மட்டும் கவனமா செஞ்சேன். கல்யாணத்தைப் பதிவு பண்றதுக்கு முன்னாடியே இதைப் பதிஞ்சோம். புருஷன் பொண்டாட்டி ஆன பெறகு ரெண்டு பேருக்குள்ள எழுதிக்கிற ஒப்பந்தத்தை, யாராவது ஒருத்தர் நெனச்சா ரத்து பண்ண இந்த ஊர்ச் சட்டத்துல வழி இருக்கு. சந்தேகத்துல செய்யலண்ணே. அவளே கூட வந்து, ஆபீஸ்ல எனக்காகப் பேசி முடிச்சா.

பெரிய மாமா, 10:02
நீ வெவரமாத்தான் இருக்க. இத முன்னாடியே சொல்லிருந்தா நான் தூங்கிருப்பேன்.

தம்பி, 10:15
மாமா, எனக்கு ஒரு யோசனை. வீட்ல இருந்தே வேலை பாக்குறேன்ல, அங்க வந்து ஆறு மாசம் இருந்தா செலவு கம்மியாகுமா? கூடவே உங்க வயலுக்கு போர், சோலார் மோட்டார், சொட்டுநீர் எல்லாம் போட்டுத் தாரேன். ஒரு போகம்தான்னு வருத்தப்படுவீங்களே.

தாய்லாந்து மாமா, 10:40
மருமகனே, போர் நான் போட்டுப் பாத்துட்டேன்.

இது துங் குலா ரோங் ஹாய் வெளி. குலா வியாபாரிங்க இதைக் கடக்க முடியாம அழுதாங்கன்னு கதை, அதான் 'குலா அழுத வெளி'ன்னு பேரு. மழைய நம்பி ஒரு போகம் மல்லிகை அரிசி. அந்த அரிசிக்கு 2013ல ஐரோப்பாவே புவிசார் குறியீடு குடுத்திருக்கு, ஆனா மண்ணு மேல பூத்துக் கெடக்குறது உப்பு. இந்த மேட்டுநிலத்துக்கு அடியில பாறை உப்புப் படுகை.

எனக்கு அது தெரியாது. நாப்பதாயிரம் பாட் போட்டு ஆழமா தோண்டினேன். தோண்டுறதுக்கு முந்தின வாரம் பாட்டி வந்து வேலி ஓரமா நின்னாங்க. 'எங்க சின்ன வயசுல அந்த மூலையிலதான் மண்ணைச் சுரண்டி உப்புக் காய்ச்சுவோம், மாடுகூட அந்த மண்ணை நக்கும்'ன்னு சொன்னாங்க. ஏதோ பழங்கதை சொல்றாங்கன்னு தலையாட்டிட்டு விட்டுட்டேன். தண்ணி வந்துச்சு. வாயில வைக்க முடியல. நெல்லுக்கும் ஆகல.

நான், 10:43
தோண்டாதேன்னு நேராவே சொல்லிருக்கலாமே மாமா?

தாய்லாந்து மாமா, 10:51
சொல்ல மாட்டாங்கம்மா. க்ரெங் ஜாய்ன்னு இங்க ஒரு வார்த்தை. அடுத்தவங்களச் சங்கடப்படுத்திரக் கூடாதுன்னு ஒரு கூச்சம். ஊர்க் கூட்டத்துல நான் வாய்க்காலுக்கு ஒரு திட்டம் சொன்னேன், எல்லாரும் நல்லாருக்குன்னாங்க. ஒருத்தர்கூட மம்பட்டி எடுத்துட்டு வரல. எனக்குக் கோவம் வந்துச்சு அப்போ. பெறகுதான் புரிஞ்சுது. வேணாங்கிறதை அவங்க ஏற்கெனவே சொல்லிட்டாங்க, எனக்குத்தான் கேக்கத் தெரியல. பாட்டி வேலி வரைக்கும் நடந்து வந்ததே எனக்குச் சொல்லத்தான்.

இப்போ ஆழம் போகாம மேலாக ஒரு குட்டை வெட்டி மழைத்தண்ணிய நிறுத்துறேன். குடிக்கிறதுக்குக் கூரைத் தண்ணி, பெரிய சிமென்ட் தாழியில பிடிச்சு வச்சிக்கிறோம். தாழியை எங்க வைக்கணும்னு சொன்னதும் பாட்டிதான்.

தம்பி, 10:54
சரி மாமா. மோட்டாரை விட்டுட்டு சும்மா வாரேன்.

தாய்லாந்து மாமா, 11:01
வா. ஆனா சுற்றுலா விசாவுல வந்து இங்க உக்காந்து வேலை பாக்கலாம்னு யாராவது சொன்னா நம்பாத, சட்டத்தைச் சரியா விசாரிச்சுட்டு வா. நானே வருஷா வருஷம் பேங்க்ல நாலு லட்சம் பாட் காட்டித்தான் நீட்டிப்பு வாங்குறேன், 90 நாளைக்கு ஒருதரம் முகவரி சொல்லணும். அவளுக்கு அரசாங்க ஆஸ்பத்திரியில 30 பாட்ல வைத்தியம் பாக்குற திட்டம் இருக்கு, எனக்குக் கிடையாது. அதுக்குன்னு தனியா காசு ஒதுக்கி வச்சிருக்கேன். அக்கா, இதையும் சேத்துச் சொல்லிட்டேன், பெறகு கேக்காதீங்க.

அம்மா, 11:05
நான் கேக்கப் போறது வேற. அவுங்க உன்னை என்னன்னு கூப்பிடுறாங்க? வெளியாளாத்தான் பாக்குறாங்களா?

தாய்லாந்து மாமா, 11:14
இந்தியாக்காரனுக்கு இங்க 'கேக்'ன்னு பேரு. விருந்தாளின்னு அர்த்தம், சில பேர் வாயில அது எளக்காரமாவும் வரும். ஊர்ல என்னை 'லுங் கேக்'னுவாங்க, லுங்ன்னா பெரியப்பா மாதிரி. நம்மள மாதிரிதான்க்கா, யாரையும் வெறும் பேரைச் சொல்லிக் கூப்பிட மாட்டாங்க. மூத்தவங்க பீ, எளையவங்க நொங். வழியில பாத்தா முதல் கேள்வியே சாப்பிட்டாச்சாதான்.

பாட்டி மட்டும் கேக்னு சொன்னதே இல்ல. மகனேன்னுதான் கூப்பிடுவாங்க.

அம்மா, 11:16
அவுங்க படம் இருந்தா அனுப்பு தம்பி. சாயங்காலம் இங்க ஒரு வெளக்கு ஏத்துறேன்.

தாய்லாந்து மாமா, 11:18
புகைப்படம்

பெரிய மாமா, 11:24
நல்ல முகம்.

பெரிய மாமா, 11:25
அந்தப் பத்திரத்தோட பின்பக்கத்தையும் ஒரு படம் எடுத்து அனுப்பு. படிக்கத் தெரியாட்டியும் பாத்துக்கிடுதேன்.

தாய்லாந்து மாமா, 11:39
புகைப்படம்

பெரிய மாமா, 11:42
எல்லாம் அவங்க எழுத்தால்ல இருக்கு. இதுல உன் பேரு எது?

தாய்லாந்து மாமா, 11:43
வெரலு வச்சிருக்கேன் பாருங்கண்ணே. அந்த வரிதான்.

பெரிய மாமா, 11:47
ஒரு ஆள் பேருக்கு நீளமா இருக்கே. அப்பா பேரையும் சேத்தா எழுதிருக்காங்க?

தாய்லாந்து மாமா, 11:48
ஆமாண்ணே. பாஸ்போர்ட்ல உள்ளபடி.

பெரிய மாமா, 11:52
சரி. நல்லதா ரெண்டு ஜெராக்ஸ் எடு. ஒண்ணு அந்தப் புள்ளைகிட்ட இருக்கட்டும். ஒண்ணு வரும்போது எனக்குக் கொண்டா, அப்பா பத்திரத்தோட சேத்து பீரோவுல வச்சிருதேன்.