வீட்டுக் கடனும் பிள்ளைக்கு நின்றுபோன பணமும்

*குழு: நம்ம குடும்பம், பினாங்கு, மலேசியா*

அண்ணன், இரவு 8.05
அனைவருக்கும் வணக்கம். புக்கிட் மெர்தாஜாமில் 320,000 வெள்ளிக்கு ஓர் அடுக்குமாடி வீடு பார்த்து முன்பணமும் கட்டிவிட்டேன். அடுத்த வாரம் 90 விழுக்காட்டுக் கடனுக்கு மனுச் செய்யப் போகிறேன். நீதிமன்ற ஆணைப்படி மகளின் பராமரிப்புக்கு மாதந்தோறும் நான் தரவேண்டிய 700 வெள்ளி 14 மாதங்களாக நின்றுபோயிருப்பது உங்களுக்குத் தெரியும். அது கடனைப் பாதிக்குமா, அக்கா?

நான், 8.11
அமெரிக்காவில் இத்தகைய பாக்கியை அரசே கடன் தகவல் நிறுவனங்களுக்குத் தெரிவித்துவிடும் என்று படித்தேன். இங்கும் அப்படித்தானா?

பெரியக்கா, 8.26
இங்கே அப்படி இல்லை. மத்திய வங்கியான பேங்க் நெகாராவின் சிசிரிஸ் என்ற கடன் விவர அறிக்கையில் வங்கிக் கடன், கார் கடன், கடன் அட்டை, பிடிபிடிஎன் உயர்கல்விக் கடன் ஆகியவையும் அவற்றுக்குக் கடந்த 12 மாதங்களில் தவணை கட்டிய விவரமும் இருக்கும். பிள்ளைக்குத் தரவேண்டிய பாக்கி அதில் வராது. ஆனால் அதனால் தப்பித்தோம் என்று நினைத்துவிடாதே, தம்பி.

நீ கேட்கும் கடன் 288,000 வெள்ளி. வட்டி 4 விழுக்காடு, காலம் 35 ஆண்டுகள் என்று வைத்தால் மாதத் தவணை ஏறக்குறைய 1,275 வெள்ளி வரும். கார் தவணை 650. கைக்கு வரும் சம்பளம் 4,000 என்றால், அதில் 48 விழுக்காடு கடனுக்கே போகிறது. மகளின் 700 வெள்ளியையும் சேர்த்தால் அது 65 விழுக்காட்டைத் தாண்டிவிடும். சம்பளத்தில் எத்தனை விழுக்காடு கடனுக்குப் போகலாம் என்ற எல்லை வங்கிக்கு வங்கி மாறும் என்றாலும், இந்த வேறுபாடு ஒரு மனுவை நிராகரிக்கப் போதுமானது.

அண்ணன், 8.31
சம்பளச் சீட்டில் அந்த 700 வெள்ளி இல்லையே, அக்கா. மனுப் படிவத்தில் நான் எழுதாமல் விட்டால் வங்கிக்கு எப்படித் தெரியும்?

சித்தப்பா, 8.47
இன்றைக்கு இல்லை என்பதால் என்றைக்கும் இல்லை என்று ஆகிவிடாது, தம்பி. வழக்கறிஞர் அலுவலகத்தில் குமாஸ்தாவாக இருந்த காலத்தில் இதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். உன் முன்னாள் மனைவி நீதிமன்றத்துக்குப் போனால், பராமரிப்பு ஆணைகளை நிறைவேற்றுவதற்கான 1968ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி உன் முதலாளியே சம்பளத்தில் பிடித்துக் கட்டவேண்டும் என்று ஆணை பெறலாம். அதன்பின் ஒவ்வொரு மாதமும் சம்பளச் சீட்டில் அந்தப் பிடித்தம் இருக்கும். வழக்கு விவரங்களைத் திரட்டும் சிடோஸ் போன்ற தனியார் அறிக்கைகளையும் வங்கிகள் பார்க்கின்றன. உன் பாக்கி 9,800 வெள்ளிதான் என்பதால், ஒரு லட்சம் வெள்ளி என்ற திவால் வரம்பைச் சொல்லி உன்னைப் பயமுறுத்த மாட்டேன். ஆனால் 35 ஆண்டுக் கடனைத் தோளில் ஏற்றும்முன் இதையும் எண்ணிப் பார்: மகளுக்கு இப்போது ஒன்பது வயது. பதினெட்டோடு இந்தக் கடமை முடிந்துவிடும் என்பது பழைய கணக்கு. 2018 டிசம்பரில் நடப்புக்கு வந்த திருத்தத்தின்படி, அவள் மேற்படிப்பு முடிக்கும்வரை அது நீளலாம்.

பெரியக்கா, 9.02
படிவத்தின் அடியில், சொன்னவை அனைத்தும் உண்மை என்று நீ கையெழுத்துப் போடுகிறாய். கடமையை மறைத்துப் போடும் கையெழுத்துக்கு நான் துணைநிற்க மாட்டேன்.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். மகளின் அம்மாவிடம் கேட்டுவிட்டுத்தான் இங்கே எழுதுகிறேன். போன வாரம் அவள் தன்னுடைய சிசிரிஸ் அறிக்கையைக் கொண்டுவந்து, இதைப் படித்துச் சொல்லுங்கள் என்றாள். நீ பணம் நிறுத்தும்வரை அவள் தன் பெயரில் இருக்கும் வீட்டுக்கடனின் தவணைகளைத் தவறாமல் கட்டியவள். இப்போது அறிக்கையில் அந்தக் கடனுக்கான வரிசையில் 1, 1, 2, 1 என்று எண்கள் நிற்கின்றன. ஒரு மாதத் தவணை நிலுவை என்றால் 1, இரண்டு என்றால் 2. பள்ளி வேன் கட்டணத்தை முதலில் கட்டிவிட்டு, வீட்டுத் தவணையைப் பிந்திக் கட்டியிருக்கிறாள். உன் பாக்கி யார் அறிக்கையிலும் ஏறவில்லை என்று சொன்னேன் அல்லவா? அவளுடைய அறிக்கையில் ஏறியிருக்கிறது, தம்பி. அவளுக்கு இனி ஒரு கடன் வேண்டுமென்றால், அந்த எண்களுக்கு அவள்தான் விளக்கம் சொல்லவேண்டும்.

அண்ணன், 9.40
எனக்கு இது தெரியாது, அக்கா. தொழிற்சாலையில் ஓவர்டைம் நின்றபோது, இரண்டு மாதம் கழித்துச் சேர்த்துக் கொடுத்துவிடலாம் என்று நினைத்தேன். பிறகு தொகை பெரிதாகிவிட்டதால் அவளை அழைக்கவே கூசியது.

சித்தப்பா, 9.52
வருமானம் குறைந்தது உண்மையானால் அதற்கு வழி இருக்கிறது. சூழ்நிலை மாறியதைக் காட்டி, பராமரிப்புத் தொகையை மாற்றியமைக்கக் கோரி நீதிமன்றத்தில் மனுச் செய்யலாம். நீயாகக் குறைக்கவோ நிறுத்தவோ முடியாது. ஆணை மாறாதவரை மாதம் 700 வெள்ளி ஏறிக்கொண்டேதான் இருக்கும். பழைய பாக்கியைத் தவணையாகக் கட்ட அவள் ஒப்புக்கொண்டால், அதை எழுத்தில் வாங்கிவிடு. எல்லாவற்றையும் வங்கி வழியாகவே செலுத்து. ரொக்கமாகக் கையில் கொடுத்தேன் என்பதற்குச் சாட்சி கிடைக்காது.

நான், 9.58
அப்படியானால் வீடு, அண்ணா?

அண்ணன், 10.07
முகவரிடம் பேசி முன்பணத்தைத் திரும்பக் கேட்கிறேன். கிடைக்காவிட்டாலும் அடுத்த வாரம் மனுச் செய்யப் போவதில்லை. இந்த மாதத்து 700 வெள்ளியை இப்போதுதான் அவள் கணக்குக்கு அனுப்பினேன். பாக்கியைப் பற்றி நாளைக் காலை நானே அவளிடம் பேசுகிறேன். திங்கட்கிழமை விடுப்பு எடுத்துவிட்டேன், சித்தப்பா. நீங்கள் சொல்லும் வழக்கறிஞரைப் போய்ப் பார்க்கலாம்.

சித்தப்பா, 10.12
காலை ஒன்பது மணிக்கு பட்டர்வொர்த் படகுத்துறையில் காத்திரு. நீதிமன்ற ஆணையின் நகல், ஓவர்டைம் இருந்த காலத்துச் சம்பளச் சீட்டுகள், கடைசி மூன்று மாதச் சீட்டுகள் எல்லாம் வேண்டும்.

அம்மா, 10.20
ஆணையின் நகல் என் அலமாரியில், பேத்தியின் பிறப்புச் சான்றிதழோடு இருக்கிறது. வரும்போது எடுத்துக்கொள், மகனே.