அவன் ஓடினான், நானும் பின்னால் ஓடினேன்

பதிவு – பள்ளி ஆசிரியை

எட்டாம் வகுப்புக்குப் பாடம் எடுக்கிறேன். போன வருடம் நடந்ததை இப்போதுதான் எழுத மனம் வந்திருக்கிறது.

மதிய இடைவேளை முடிந்தும் ஒரு மாணவன் வகுப்புக்கு வரவில்லை. தேடிப் போனால் மாடிப்படிக்கு அடியில் உட்கார்ந்திருந்தான். சட்டைக் கையில் வெள்ளைக் கறை, கண்ணெல்லாம் சிவப்பு. கிட்டே போனதும் தின்னர் நெடி குப்பென்று மூக்கில் ஏறியது. போதைக்காக அதை முகர்ந்திருக்கிறான். "என்னடா பண்ற?" என்று கத்திவிட்டேன். அவன் பதறி எழுந்து மைதானத்தை நோக்கி ஓடினான். விட்டால் எங்கே போவானோ என்று நானும் துரத்தினேன். பாதி மைதானத்தில் மடங்கி விழுந்தான். முகம் வெளுத்து, உடம்பெல்லாம் வியர்வை. மருத்துவமனையில் இரவு முழுக்க இதயத்துடிப்பைக் கண்காணித்து, மறுநாள்தான் வீட்டுக்கு அனுப்பினார்கள்.

அங்கிருந்த மருத்துவர் என்னைக் கடிந்துகொள்ளவில்லை. உட்கார வைத்துச் சொன்னார். பசை, தின்னர், ஸ்ப்ரே, லைட்டர் கேஸ் போன்றவற்றின் ஆவி உள்ளே போனால், பதற்றத்தில் உடம்பில் ஊறும் அட்ரினலின் என்ற ஹார்மோன் கொஞ்சம் சுரந்தாலும் இதயம் அதைத் தாங்காது. அந்த நேரத்தில் திடீரென்று பயந்தாலோ ஓடினாலோ துடிப்பு தாறுமாறாகி, அப்படியே நின்றுவிடலாம். பல நாள் பழக்கம் இருக்க வேண்டும் என்றுகூட இல்லை, முதல் தடவையிலேயே நடக்கலாம். 1970-லேயே அமெரிக்க மருத்துவர் ஒருவர் இப்படித் திடீரென்று இறந்த 110 இளம் வயதினரைப் பற்றி மருத்துவ இதழில் எழுதியிருக்கிறாராம்.

அதைக் கேட்டதிலிருந்து எனக்குள் ஒன்றே ஒன்றுதான் ஓடுகிறது: அவனைப் பயமுறுத்தியதும் நான், ஓட வைத்ததும் நான். இப்படி ஒரு பிள்ளையைப் பார்த்தால் என்ன செய்ய வேண்டும் என்று எனக்கு அதுவரை யாரும் சொன்னதில்லை. உங்களில் யாருக்காவது இந்த அனுபவம் இருந்தால் எழுதுங்கள்.

மறுமொழி – ஒரு அம்மா

டீச்சர், படித்துவிட்டு ரொம்ப நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். என் மகளுக்கு அப்போது 13 வயது. வாயைச் சுற்றித் தோல் வறண்டு சிவந்திருந்தது. இந்த வயதில் வருவதுதானே என்று களிம்பு வாங்கிக் கொடுத்தேன். சாப்பாடு குறைந்தது, காலையில் தலைவலி என்பாள். டியோடரன்ட் டப்பா வாரம் ஒன்று தீர்ந்தது. பெண் வளர்கிறாள், சுத்தமாக இருக்க ஆசைப்படுகிறாள் என்று நினைத்தேன்.

சந்தேகம் வந்து சிறுநீர்ப் பரிசோதனையும் செய்து பார்த்தோம். ஒன்றும் இல்லை என்று வந்தது. அந்தக் காகிதத்தை நம்பி மூன்று மாதம் நிம்மதியாக இருந்தேன். வழக்கமான போதைப் பரிசோதனையில் இது தெரியாது என்பதை அப்புறம்தான் ஒரு மனநல மருத்துவர் சொன்னார். அந்த மூன்று மாதத்தை நினைத்தால் இன்றும் வயிறு கலங்குகிறது.

மறுமொழி – அவசரப் பிரிவுச் செவிலியர்

டீச்சர், உங்களைக் குறை சொல்ல மாட்டேன். பெற்றவர்களே அப்படித்தான் கத்துகிறார்கள். அடுத்த முறைக்குச் சொல்கிறேன்: குரலைத் தாழ்த்துங்கள், தள்ளியே உட்காருங்கள், கையிலிருப்பதைப் பிடுங்கப் போராடாதீர்கள். ஜன்னலைத் திறங்கள், இல்லையென்றால் மெல்லப் பேசியே வெளிக்காற்றுக்கு அழைத்து வாருங்கள். பக்கத்தில் நெருப்பு வேண்டாம், அந்த ஆவி சட்டென்று பற்றிக்கொள்ளும். மயங்கினால் ஒருக்களித்துப் படுக்க வைத்து ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள், தனியாக விடாதீர்கள். மூச்சு இல்லை என்றால் உடனே மார்பை அழுத்தத் தொடங்க வேண்டும். அறிவுரை, விசாரணை எல்லாம் மறுநாள் பார்த்துக்கொள்ளலாம்.

மறுமொழி – விட்டு மூன்று வருடம் ஆனவன்

எனக்கு இப்போது 20 வயது. 12 வயதில் ஆரம்பித்தேன். மற்ற போதைக்குப் பணம் வேண்டும், ஆள் வேண்டும். இது வீட்டு அலமாரியிலேயே இருந்தது. அதனால்தான் சின்னப் பிள்ளைகள் முதலில் இதில் மாட்டுகிறார்கள் என்று நினைக்கிறேன். சில நிமிடத்தில் இறங்கிவிடும், உடனே மறுபடியும் கை போகும். இப்படியே சாயங்காலம் போய்விடும்.

பசையிலும் தின்னரிலும் இருக்கும் டொலுயீன் கொழுப்பில் கரையும் பொருள். மூளை நரம்பிழைகளைச் சுற்றியிருக்கும் உறையும் கொழுப்புதான், அதைத்தான் அது அரிக்கும் என்று டாக்டர் படம் போட்டுக் காட்டினார். எனக்கு எழுத்து கோணியது, படியிறங்கும்போது தடுமாறினேன். வீட்டில் சோம்பேறி என்றார்கள்.

இதற்கென்று தனி மருந்து கிடையாது. ஆலோசனைக்குத்தான் போனேன், நடுவில் இரண்டு முறை திரும்பவும் விழுந்தேன். மூன்றாவது முறை அண்ணன் ஒன்று கேட்டான்: "எந்த நேரத்துல ரொம்பத் தோணுது?" நாலிலிருந்து ஆறு என்றேன். அதற்கப்புறம் தினமும் அந்த இரண்டு மணி நேரம் என்னோடு இருந்தான். சில நாள் ஒரு வார்த்தை பேசியிருக்க மாட்டோம். அவன் பாட்டுக்குப் படிப்பான், நான் சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பேன். ஒருநாள்கூட வராமல் இருந்ததில்லை. நடை சரியாகிவிட்டது. ஞாபக மறதி மட்டும் இன்னும் முழுசாகப் போகவில்லை.

மறுமொழி – பதிவிட்ட ஆசிரியை

தம்பி, நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு இன்று அவனைத் தனியாகக் கூப்பிட்டேன். ஒன்பதாம் வகுப்புக்கு வந்துவிட்டான், இன்னும் என்னைக் கண்டால் விலகித்தான் போவான். முதலில், அன்றைக்குக் கத்தியதற்கு மன்னிப்புக் கேட்டேன். தலையைக் குனிந்துகொண்டான். அப்புறம் உங்கள் அண்ணன் கேட்டதையே கேட்டேன். ரொம்ப நேரம் கழித்து, "சாப்பிட்டு முடிச்சதும்தான் டீச்சர். யாரும் கூட உட்கார மாட்டாங்க" என்றான்.

நாளையிலிருந்து மதியம் நூலகத்தில் புத்தகம் அடுக்க வருகிறேன் என்றிருக்கிறான். நானும் என் சாப்பாட்டை அங்கேயே எடுத்துக்கொண்டு போகிறேன்.