மதுரையில் ஒரு நாள்: உள்ளூர்வாசிகளின் யோசனை தேவை

குழுவினருக்கு வணக்கம். கோவையிலிருந்து வரும் என் தங்கையின் குடும்பத்துக்கு மதுரையில் நான் விரும்பும் இடங்களை ஒரே நாளில் காட்ட வேண்டியிருப்பதால், உங்கள் யோசனையை வேண்டுகிறேன். விடியற்காலையில் கீழக்குயில்குடி சமணர் மலையில் ஏறி, செட்டிப்புடவின் தீர்த்தங்கரர் சிற்பங்களையும் பேச்சிப்பள்ளத்தின் வட்டெழுத்துக் கல்வெட்டுகளையும் பார்த்துவிட்டு, வெயில் ஏறுமுன் அடிவாரத்துத் தாமரைக் குளக்கரையில் இளைப்பாறலாம் என்றிருக்கிறேன். பிற்பகலில் நாயக்கர் மகால், அங்கிருந்து விளக்குத்தூண் பக்கம் ஜிகர்தண்டா, இரவில் கறிதோசை, இதில் மாற்றமில்லை.

சைவம் மட்டுமே உண்ணும் தங்கையின் மாமியாருக்குக் காரம் குறைந்த இரவுச் சிற்றுண்டி அப்பகுதியில் எங்கே கிடைக்கும்? வண்டியூர் தெப்பக்குளம் வறண்டிருந்த காலத்தில் நாங்கள் அதற்குள்ளேயே கிரிக்கெட் ஆடினோம். இப்போது அங்கே தண்ணீர் நிற்பதால், சிறுவர்கள் இருவர் மாலையில் பந்து விளையாட வாகனத் தொல்லையற்ற திறந்தவெளி எது? அண்மையில் நேரில் சென்றவர்கள் தெரிவித்தால் நன்றியுடையவனாவேன்.