கிராஸ்கட்டருக்குக் கிழங்கு போட்ட என் அனுபவம்

கானாவில் குமாசியில் வேலை பார்த்தபோது, குடியிருந்த வீட்டின் பின்கட்டில் வீட்டுக்கார ஆன்ட்டி கிராஸ்கட்டர் வளர்த்தார். அந்தப் பக்கம் பேசும் ட்வி மொழியில் இதன் பெயர் அக்ரான்டியே. புல் தின்னும் பெரிய கரும்பு எலி என்று வைத்துக்கொள்ளுங்கள். நன்றாக வளர்ந்த ஆண் 4 கிலோவைத் தாண்டும். அந்த இறைச்சிக்கு அங்கே தனி மதிப்பு.

ஒரு வெள்ளிக்கிழமை ஊரில் துக்கம் என்று ஆன்ட்டி கிளம்பினார். ஞாயிறு இரவுதான் திரும்புவார். “புல்தான் சாப்பாடு. கிழங்கு சாயங்காலம் ஒரு கைப்பிடி போதும்” என்று சொல்லிவிட்டுத்தான் போனார். அன்றைக்குப் பிடித்த மழை விடவே இல்லை. ஈரப் புல்லை அப்படியே போடக்கூடாது, அறுத்து வாட விட்டுத்தான் போட வேண்டும். எங்கே வாட்டுவது? மூட்டையில் சர்க்கரைவள்ளிக்கிழங்கு இருந்தது. ஆசையாகத் தின்கின்றனவே என்று இரண்டு நாளும் அதையே அள்ளிப் போட்டேன்.

ஞாயிறு காலை கூண்டில் புழுக்கை கூழாகக் கிடந்தது. ஒரு சினைப் பெட்டை வயிறு உப்பி மூலையில் ஒடுங்கியிருந்தது. மத்தியானத்துக்குள் செத்துவிட்டது. இதற்குச் சினைக்காலம் ஐந்து மாதம். அது நான்கைத் தாண்டியிருந்தது. அந்தக் கூண்டைக் கழுவியது இன்னும் மனதை விட்டுப் போகவில்லை.

முயலைப் போல இதற்கும் குடலின் பின்பகுதியில்தான் நார் நொதித்துச் செரிக்கிறது. மாவுச்சத்து மட்டும் மொத்தமாகப் போய் இறங்கினால் வாயு கட்டி வயிற்றுப்போக்கு வந்துவிடும். முன்பற்களும் ஆயுள் முழுக்க வளர்பவை. யானைப்புல்லின் தடித்த தண்டைக் கடித்தால்தான் தேயும். கிழங்கில் புரதமும் குறைவு, அதனால் ஆன்ட்டி கூடவே கடலைக்கொடியும் போடுவார்.

அதற்காகக் கிழங்கே வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். டிசம்பரில் சஹாராவிலிருந்து வரும் ஹர்மத்தான் என்ற வறண்ட காற்று வீசத் தொடங்கினால் புல்லெல்லாம் காய்ந்துபோகும். அப்போது கிழங்கின் ஈரமும் தெம்பும்தான் அவற்றைத் தாங்கும். பக்கத்துச் சாப்பாட்டுக் கடைகளில் ஃபூஃபூ என்ற, கிழங்கை அவித்து இடித்துச் செய்யும் களிக்காகச் சீவிய மரவள்ளித் தோல் சும்மாவே கிடைக்கும். ஆனால் சயனைடு விஷம் தோலில்தான் அதிகம். நான் ஆத்தூர்க்காரன், மரவள்ளித் தழை மேய்ந்த ஆடு நுரை தள்ளிச் சாவதைச் சின்ன வயதில் பார்த்தவன். ஆகவே இந்த விஷயத்தில் எனக்குப் பயம் உண்டு. ஆன்ட்டி தோலையும் கிழங்கையும் சின்னதாக நறுக்கி, ஒடித்தால் படக்கென்று முறியும் வரை வெயிலில் காயவைப்பார். பூஞ்சணம் கொஞ்சம் தெரிந்தாலும் அந்தத் தட்டையே கொட்டிவிடுவார்.

அப்புறம் நான் அங்கே இருந்தவரை கிழங்கு போடும் வேலையை நானே கேட்டு வாங்கிக்கொண்டேன். காலையில் புல், அது முக்கால்வாசி தீர்ந்ததைப் பார்த்த பிறகு சாயங்காலம் தலைக்கு இரண்டு துண்டு. மழை நாளுக்கென்று திண்ணையில் எப்போதும் ஒரு கட்டு வாடிய புல் இருக்கும்.