சொருகினால் வந்துவிடுமா நெட்?

குழு: எங்கள் வீட்டு மக்கள்

சித்தி (2:10): யாராவது இருக்கிறீர்களா? வீட்டில் காலையிலிருந்து நெட் இல்லை. லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு பிரவுசிங் சென்டருக்கு வந்துவிட்டேன். 5 மணிக்குள் மொழிபெயர்ப்பை அனுப்ப வேண்டும். இங்கேயும் வரமாட்டேன் என்கிறது.

அம்மா: அங்கேதான் வரிசையாகக் கம்ப்யூட்டர் இருக்குமே, ஒன்றில் உட்கார வேண்டியதுதானே?

சித்தி: அக்கா, அனுப்புகிற மென்பொருள் என் லேப்டாப்பில்தான் இருக்கிறது. வேறு எதிலும் திறக்காது.

மாமா: பென் டிரைவில் போட்டு அனுப்பிவிடு. இதற்கு ஒரு மாநாடா?

அண்ணன்: மாமா, போன தடவை உங்கள் பென் டிரைவைச் சுத்தம் செய்யவே எனக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை போனது. சித்தி செய்ததுதான் சரி. பொதுக் கம்ப்யூட்டரில் தட்டுகிற பாஸ்வேர்டை அப்படியே பதிந்து வைக்கிற மென்பொருள் ஒளிந்திருந்தால் நமக்குத் தெரியாது.

நான்: போனில் ஹாட்ஸ்பாட் போடலாமே சித்தி?

சித்தி: இன்றைய டேட்டா தீர்ந்துவிட்டது. இந்த மெசேஜே நொண்டிக்கொண்டுதான் போகிறது. படம் எதுவும் அனுப்பாதீர்கள்.

மாமா: 🌹 [படம்]

அம்மா: அண்ணா!

அண்ணன்: சித்தி, எப்படி இணைத்தீர்கள்? வைஃபையா, வயரா?

சித்தி: இங்கே வைஃபை கிடையாதாம். பக்கத்து டேபிளில் யாரும் இல்லை. அந்தக் கம்ப்யூட்டரின் வயரைக் கழற்றி என்னுடையதில் சொருகினேன்.

அண்ணன்: கடைக்காரரிடம் கேட்டீர்களா?

சித்தி: இல்லை. இப்போது அவரே வந்து பக்கத்தில் நிற்கிறார்.

அண்ணன்: 😄 முதலில் மன்னிப்புக் கேளுங்கள். அவருடைய கணக்கு மென்பொருள் ஒவ்வொரு கம்ப்யூட்டரிலும் ஓடும், நேரத்தை அதுதான் எண்ணுகிறது. வயரைப் பிடுங்கினால் அந்த மெஷின் செத்துவிட்டதாக அவர் திரையில் காட்டும். உங்கள் லேப்டாப்பில் அந்த மென்பொருள் இல்லை, அதனால் உங்களுக்கு எப்படிக் கணக்கு வைப்பது என்று அவர்தான் சொல்ல வேண்டும். சில இடங்களில் சொந்த லேப்டாப்பையே சேர்க்க மாட்டார்கள். கேட்டுவிட்டுச் சொருகுவதுதான் முறை.

சித்தி (2:24): கேட்டுவிட்டேன். நல்ல மனிதர். நேரத்தை நோட்டில் எழுதிக்கொண்டு மூலையில் தனியாக ஒரு வயர் கொடுத்தார். சொருகினால் சொருகும் இடத்தில் விளக்கு மினுக்குகிறது. நெட் மட்டும் இல்லை.

மாமா: ஆஃப் செய்து ஆன் செய்.

சித்தி: இரண்டு தரம் செய்துவிட்டேன் அண்ணா.

அண்ணன்: விளக்கு மினுக்கினால் வயர் நல்ல வயர். ஸ்டார்ட்டில் சிஎம்டி (cmd) என்று தேடித் திறந்து, வருகிற கறுப்புத் திரையில் ஐபிகான்ஃபிக் (ipconfig) என்று தட்டுங்கள். ஈதர்நெட், அதாவது வயர் இணைப்பு, என்ற தலைப்பின் கீழே ஐபிவி4 என்று ஒரு எண் வரும், அதுதான் நெட்வொர்க்கில் லேப்டாப்பின் விலாசம். அதை மட்டும் சொல்லுங்கள்.

சித்தி: 192.168.50.23

அண்ணன்: பக்கத்துக் கம்ப்யூட்டர்களின் எண் எப்படி ஆரம்பிக்கிறது என்று கேளுங்கள்.

சித்தி: எல்லாம் 192.168.1 என்று ஆரம்பிக்குமாம்.

அண்ணன்: கிடைத்துவிட்டது. சித்தி, நீங்கள் முன்பு வேலை பார்த்த ஆபீசில் இந்த லேப்டாப்பை வயரில் மாட்டினீர்கள்தானே?

சித்தி: ஆமாம், அங்கே ஒரு பையன் வந்து ஏதோ எண் போட்டுக் கொடுத்தான். வேலையை விட்டே எத்தனை காலம் ஆகிறது!

அண்ணன்: நீங்கள் விட்டுவிட்டீர்கள், லேப்டாப் விடவில்லை. வேறு ஊருக்குக் குடிபோன பிறகும் பழைய விலாசத்தையே சொல்லிக்கொண்டிருக்கிறது. அந்த எண்ணை வைத்துக்கொண்டு நெட்டை எல்லாருக்கும் பிரித்துக் கொடுக்கிற இந்தக் கடையின் ரவுட்டரைப் பார்க்கவே முடியாது.

அம்மா: அப்படியென்றால் வீட்டில் மட்டும் எப்படி வந்தது?

அண்ணன்: நல்ல கேள்வி அம்மா. வீட்டில் வைஃபை. வயருக்கும் வைஃபைக்கும் தனித்தனி அமைப்பு. வயரில் மாட்டாத வரை இந்தக் கோளாறு வெளியே வராது. சித்தி, செட்டிங்ஸில் நெட்வொர்க் அண்ட் இன்டர்நெட், அதற்குள் ஈதர்நெட், அங்கே ஐபி அசைன்மென்ட் பக்கத்தில் எடிட். மேனுவல் என்று இருப்பதை ஆட்டோமேட்டிக் ஆக்குங்கள். கீழே டிஎன்எஸ்ஸும் (தளத்தின் பெயரை எண்ணாக மாற்றித் தருவது) அதேபோல். மாற்றும் முன் பழைய எண்ணை ஒரு தாளில் எழுதிவையுங்கள், என்றாவது தேவைப்படலாம்.

நான்: என் லேப்டாப்பில் அந்த வயர் சொருகும் ஓட்டையே இல்லையே?

அண்ணன்: மெல்லிசாகச் செய்கிறோம் என்று எடுத்துவிட்டார்கள். யூஎஸ்பியில் மாட்டுகிற ஈதர்நெட் அடாப்டர் வாங்கிப் பையில் போட்டுவை.

சித்தி (2:41): மாற்றினேன். இப்போது 169.254 என்று ஏதோ வருகிறது. நெட் இல்லை.

மாமா: நான் அப்போதே சொன்னேன், பென் டிரைவ்.

அண்ணன்: மாமா, கொஞ்சம் பொறுங்கள். 169.254 என்றால், லேப்டாப் “எனக்கு ஒரு எண் கொடுங்கள்” என்று கேட்டு, யாரும் பதில் சொல்லாததால் தானே ஒன்றைப் போட்டுக்கொண்டது என்று அர்த்தம். அங்கே எண் கொடுக்கும் வசதியையே நிறுத்தி, எல்லாவற்றுக்கும் கையால் போட்டிருப்பார்கள். இல்லையென்றால் பதிவு செய்த மெஷினுக்கு மட்டும் கொடுப்பார்கள். இதை இங்கிருந்து கண்டுபிடிக்க முடியாது, அவரிடம்தான் கேட்க வேண்டும்.

சித்தி: இரண்டாவதுதான். மேக் அட்ரஸ் கேட்கிறார். லேப்டாப்பின் அடியில் பார்த்தேன், ஸ்டிக்கர் தேய்ந்து கிடக்கிறது.

அண்ணன்: ஸ்டிக்கர் வேண்டாம். அதே கறுப்புத் திரையில் ஐபிகான்ஃபிக், ஒரு இடைவெளி, சாய்கோடு, ஆல் (ipconfig /all) என்று தட்டுங்கள். பிசிக்கல் அட்ரஸ் என்று இரண்டிரண்டாக ஆறு ஜோடி வரும், அதுதான் மேக் அட்ரஸ், மெஷினின் அடையாள எண். அதைக் கொடுங்கள். இங்கே போட வேண்டாம், அவரிடம் காட்டினால் போதும்.

நான்: இந்த நேரத்தில் ஒரு சந்தேகம். போன மாதம் ஒரு இடத்தில் கூப்பன் எண் கொடுத்தார்கள். வைஃபை சேர்ந்துவிட்டது, ஆனால் எண்ணைப் போடுகிற பக்கம் வரவே இல்லை. கூப்பன் வீணானது.

அண்ணன்: நீ என்ன முகவரி தட்டினாய்?

நான்: என் மெயில்.

அண்ணன்: அது பூட்டிய தளம், முகவரி எச்டிடிபிஎஸ் (https) என்று ஆரம்பிக்கும். நடுவில் புகுந்து தன் பக்கத்தைக் காட்ட ரவுட்டரால் முடியாது, முயன்றால் பிரவுசர் எச்சரிக்கை போடும். அந்த எச்சரிக்கையைத் தாண்டிப் போகவும் கூடாது. பூட்டில்லாத தளம் ஒன்றைத் திறக்க வேண்டும். நெவர்எஸ்எஸ்எல் டாட் காம் (neverssl.com) என்று இதற்காகவே ஒன்று இருக்கிறது. அப்போது கூப்பன் பக்கம் தானாக வரும். விபிஎன் (நெட்டை வேறொரு கம்ப்யூட்டர் வழியாகப் பூட்டி அனுப்புகிற மென்பொருள்) ஓடிக்கொண்டிருந்தாலும் அந்தப் பக்கம் வராமல் போகும், அதை நிறுத்திவிட்டுப் பார்.

நான்: விபிஎன் ஓடிக்கொண்டுதான் இருந்தது 🤦

சித்தி (2:58): எண்ணைச் சேர்த்துவிட்டாராம். இன்னும் அதே 169.254.

அண்ணன்: வயரைக் கழற்றிச் சொருகினீர்களா?

சித்தி: சொருகினேன்டா.

அண்ணன்: எந்தத் தலைப்பின் கீழே இருந்த பிசிக்கல் அட்ரஸ் கொடுத்தீர்கள்?

சித்தி: வைஃபை என்று இருந்ததே, அது. நெட் என்றால் வைஃபைதானே?

அண்ணன்: 🙏 ஒரே லேப்டாப்பில் வைஃபைக்கு ஒன்று, வயருக்கு ஒன்று, புளூடூத்துக்கு ஒன்று. ஈதர்நெட் தலைப்பின் கீழே இருப்பதைக் கொடுங்கள். தப்பு என்னுடையது, சொல்லியிருக்க வேண்டும்.

சித்தி (3:06): வந்துவிட்டது!!! 192.168.1.47!

அம்மா: அப்பாடா.

மாமா: வாழ்க!

அண்ணன்: அனுப்பும் முன் இரண்டே விஷயம். அந்த ஈதர்நெட் பக்கத்திலேயே பப்ளிக் நெட்வொர்க் என்று தேர்ந்தெடுங்கள். அதே வயர்க் கூட்டத்தில் இருக்கிற மற்றவர்களுக்கு உங்கள் ஃபோல்டர்கள் தெரியக் கூடாது. கீழே மீட்டர்டு கனெக்ஷன் (டேட்டாவைச் சிக்கனமாகச் செலவழி என்று விண்டோஸுக்குச் சொல்வது) என்று ஒன்று இருக்கும், அதை ஆன் செய்யுங்கள். இல்லையென்றால் விண்டோஸ் இதுதான் சமயம் என்று அப்டேட்டை இறக்க ஆரம்பிக்கும்.

மாமா: அது எனக்கு நடந்தது. ஒரு மணி நேரம் வாங்கினேன், ஒரு கடிதம் கூட அனுப்பவில்லை. அப்டேட் மட்டும் வெற்றிகரமாக முடிந்தது.

அம்மா: அண்ணா, இதை நீங்கள் எங்களிடம் சொல்லவே இல்லையே?

மாமா: பெருமையான விஷயமா என்ன.

சித்தி (4:17): போய்விட்டது. “பெற்றுக்கொண்டோம்” என்று பதிலும் வந்துவிட்டது. தம்பி, நீ இல்லையென்றால் நான் இன்று அவ்வளவுதான்.

அண்ணன்: கிளம்பும்போது உங்கள் எண்ணைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடலாம் என்று சொல்லுங்கள் சித்தி.

சித்தி: சொன்னேன். இருக்கட்டும், அடுத்த முறை சும்மா சொருகினால் போதும் என்றார். பட்டியலில் ஒவ்வொரு மெஷினுக்கும் ஒரு பெயர் வைத்திருக்கிறார், எட்டிப் பார்த்தேன்.

நான்: உங்களுக்கு என்ன பெயர்?

சித்தி: “வயர் பிடுங்கிய அம்மா”.