கிடைமட்ட ஏற்றத்தாழ்வு வேணாம், வேற யோசிப்போம்

அண்ணே வணக்கம். நம்ம கலைச்சொல் பட்டியலுக்காக ஹரிசாண்டல் இன்ஈக்வாலிட்டிக்கு (horizontal inequality) நீங்க போட்ட 'கிடைமட்ட ஏற்றத்தாழ்வு' எனக்கு ஒட்டல. ஏற்றம்னா மேல, தாழ்வுன்னா கீழ, அதைப் படுக்கப் போட்டா எப்படி? இந்தச் சொல்லைப் பரப்புன பொருளாதார அறிஞர் ஃபிரான்சஸ் ஸ்டூவர்ட் அந்தம்மா சொல்ல வந்தது ஆளுக்கு ஆள் உள்ள வித்தியாசம் இல்ல, இனமோ மதமோ வட்டாரமோ, ஒரு கூட்டத்துக்கும் இன்னொரு கூட்டத்துக்கும் நடுவுல உள்ளது, சண்டை அங்கதான் மூளுதுன்னு.

காரைக்குடில உக்காந்துக்கிட்டு இதுக்கு உதாரணம் தேடவே வேணாம், எங்க செட்டியார் வீட்டு வளவுத் தூணெல்லாம் பர்மா தேக்கு. பர்மாவுக்குக் கொண்டுவிக்க, அதாவது தொழில் பண்ண, போன கதையைக் கேட்டா அப்பத்தா "வட்டிக்குக் குடுத்தோம், நிலமா வந்துச்சு"ன்னு முடிச்சிரும். அந்த ஒரு வரிக்குள்ள எவ்வளவு இருக்கு பாருங்க, கீழ் பர்மா நெல்லு உலகத்துக்கே போச்சு, அது வளர்ச்சிதானே, அந்த வளர்ச்சிக்குக் கடன் நம்ம செட்டியார் வட்டிக்கடைக் கிட்டங்கில இருந்து போச்சு, 1930ல நெல்லு விலை விழுந்ததும் கடன் திரும்பல, முக்கியமான 13 நெல் மாவட்டத்துல செட்டியார் கையில இருந்த நிலம் 6 சதவீதம்தான், 1938க்குள்ள 25 ஆயிருச்சு. நம்மாளுக்கு நிலம் முடங்குன பணம், பர்மாக்காரனுக்கு அது தாத்தன் பூமி. 1948ல நில தேசியமயச் சட்டம், 1962க்கு அப்புறம் ராணுவ ஆட்சிக்காரர் நே வின் காலத்துல மூட்டை முடிச்சோட ஊர் திரும்ப வேண்டியதாச்சு. வளர்ச்சி வந்தா சண்டை அடங்கிரும்கிறதை நான் நம்பாததுக்கு இதான் காரணம். மலேசியாவும் நல்லா வளந்துக்கிட்டு இருந்தப்பத்தான் 1969 மே 13 மலாய்-சீனர் கலவரம்.

அதனால 'குழுவாரி ஏற்றத்தாழ்வு'. மொழிவாரி மாநிலம், வகுப்புவாரி பிரதிநிதித்துவம்னு 'வாரி' நமக்குப் பழகுனதுதான். வகுப்புவாரின்னே வைக்கலாம், ஆனா வர்க்கத்தோட குழம்பும். ஆளுக்கு ஆள் உள்ள வெர்டிகல் இன்ஈக்வாலிட்டிக்கு 'ஆள்வாரி ஏற்றத்தாழ்வு'.

—

தம்பி, வாரி நல்லாருக்கு. குழுன்னா மகளிர் சுயஉதவிக் குழு ஞாபகம் வருதுப்பா, அது போகட்டும். என் சந்தேகம் வேற. 1930 ரங்கூன் கலவரத்துல அடி வாங்குனது துறைமுகத்துல மூட்டை தூக்குன தெலுங்குக் கூலிங்க, ஸ்ட்ரைக் முடிஞ்சு அவங்களைத் திரும்ப எடுத்ததும் நடுவுல வேலைக்கு வந்த பர்மாக்காரங்களை அனுப்பிட்டாங்க, அதுல வந்த சண்டை. பணப்பெட்டிக்கு முன்னால பெட்டியடில உக்காந்த செட்டியாரும் அந்தக் கூலியும் ஒரே குழுவா? பர்மாக்காரன் கண்ணுக்கு ரெண்டு பேரும் 'கலா'தானே, இந்தியாக்காரங்களை அவங்க சொல்ற பேரு.

—

அண்ணே, அதுக்காகவே குழுன்னு பொதுவா விட்டேன். இனவாரின்னு போட்டா அந்தப் பிரிவினைக் கோடு நாமளே போட்ட மாதிரி ஆயிரும், கோடு போடுறது எப்பவும் எதிர்ல நிக்கிறவன். சுயஉதவிக் குழு குழப்பத்துக்கு எங்கிட்ட மருந்து இல்ல. யாரும் வேணாம்னு சொல்லலன்னா ஞாயித்துக்கிழமை பட்டியல்ல ஏத்திர்றேன்.