நாய் பாயும் இரும்பு உண்டியல்: அசலா, நகலா?

செங்கோட்டையான்:
போன ஞாயிறு ஆரியங்காவு பக்கம் ஒரு பழைய சாமான் கடையில் வார்ப்பிரும்பு உண்டியல் வாங்கினேன். நடுவில் கோமாளி வளையம் பிடித்து நிற்கிறான். இந்தப் பக்கம் நாய், அந்தப் பக்கம் பீப்பாய். நாய் வாயில் காசு வைத்து விசையைத் தட்டினால் வளையத்துக்குள் பாய்ந்து பீப்பாயில் போடவேண்டும். என்னுடையது பாதி வழியில் நின்று யோசிக்கிறது.

"எஸ்டேட் துரை பங்களா சாமான், நூறு வருசம்" என்று 9,000 சொன்னார். குலுக்கினால் உள்ளே நாலு திருவிதாங்கூர் சக்கரக் காசு, சங்கு போட்டது! எங்கள் செங்கோட்டையே பழைய திருவிதாங்கூர் சமஸ்தானம்தானே, 1956இல்தான் இந்தப் பக்கம் சேர்ந்தது. ரூபாய்க்கு 28½ சக்கரம் என்று தாத்தா கணக்குச் சொல்வார். 6,500க்குக் கீழே கேட்க வாய் வரவில்லை. "மண் உண்டியல் வாங்கினால் ஆகாதா" என்று அம்மா இன்னும் பேசிக்கொண்டிருக்கிறாள்.

இது அசல்தானா? துருவைத் தேய்த்துப் பெயிண்ட் அடிக்கலாமா?

பழங்காசு:
அண்ணாச்சி, முதலில் பெயிண்ட் டப்பாவை மூடுங்கள். இந்த உண்டியல்களில் பழைய பெயிண்டுக்குத்தான் விலையே.

இந்த நாயை 1888இல் அமெரிக்காவின் பஃபலோ நகரத்து ஷெப்பர்டு ஹார்டுவேர் கம்பெனி கொண்டுவந்தது. பிறகு ஹப்ளி கம்பெனியும் செய்தது. நகல்களுக்குக் கணக்கே இல்லை. சக்கரம் ஒன்றுக்கும் சாட்சி ஆகாது. நான் கடைக்காரனாக இருந்தால் நானே நாலு போட்டு வைப்பேன். அடியில் திருகாணியைப் பாருங்கள். தலையில் கூட்டல் குறி இருந்தால் அது 1930களுக்கு முந்தையது இல்லை. ஒற்றைக் கோடு என்றாலும் துள்ளாதீர்கள், நகலிலும் அது வரும்.

மணல்பெட்டி:
கோவையில் முப்பது வருசம் மோல்டிங் பார்த்தவன் சொல்கிறேன். அசலையே மண்ணில் பதித்து நகல் ஊற்றுவார்கள். இரும்பு ஆறும்போது நூற்றுக்கு ஒரு பங்கு சுருங்கும். 20 செ.மீ. அடிப்பாகத்தில் 2 மி.மீ. குறைந்துவிடும். அதனால்தான் சேகரிப்பவர்கள் அசலின் அடியைக் காகிதத்தில் கோடு போட்டு வைத்திருக்கிறார்கள். அது கிடைக்காவிட்டால் விரலை உள்ளே விடுங்கள். அந்தக் காலத்தில் பொடி மணலில் வார்த்தார்கள், வழவழவென்று இருக்கும். இரண்டு பாதி சேரும் இடமும் நெருக்கமாக இருக்கும்.

அப்புறம், என்ன காசு வைத்தீர்கள்?

செங்கோட்டையான்:
பத்து ரூபாய்.

உள்ளே அரம் மாதிரி இருக்கிறது. சேரும் இடத்தில் நகம் மட்டும் இல்லை, கல்யாணப் பத்திரிகையே நுழைகிறது. சரி, நகல்தான், போகட்டும்.

மணல்பெட்டி:
பத்து ரூபாய் 27 மி.மீ. அந்த நாய் 19 மி.மீ. அமெரிக்க செண்டுக்குச் செய்தது. பாவம், எப்படிப் பாயும்? நாய் திரும்பும் அச்சாணியில் ஒரு சொட்டு தையல் மிஷின் எண்ணெய் விட்டு, சின்னக் காசு வையுங்கள்.

செங்கோட்டையான்:
பீரோவில் காண்டாமிருகம் போட்ட நாலணா கிடந்தது. அளந்தால் சரியாக 19. பாய்ந்துவிட்டது! 6,500 ரூபாய் நாய், 2011இலேயே செல்லாமல் போன காசுக்குத்தான் பாய்கிறது. அம்மாவிடம் இதை இன்னும் சொல்லவில்லை.